ஓவரால் 7.0, ரைட்டிங் 5.5: கண்டிஷனல் ஆஃபரை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. படிக்கக் கண்டிஷனல் ஆஃபர் தந்திருக்கிறது. நிபந்தனை: ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் ஓவரால் 6.5 பேண்ட், எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையக் கூடாது. ஜூன் 7 அன்று கம்ப்யூட்டரில் எழுதினேன். லிசனிங் 8.0, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5, ஓவரால் 7.0. வகுப்பு செப்டம்பர் கடைசி வாரம். கேட்டதைவிட அரை பேண்ட் கூடுதலாகவே இருக்கிறதே, விட்டுவிடுவார்களா? கல்லூரியில் எம்ஓஐ கடிதம் (ஆங்கில வழியில் படித்தேன் என்ற பயிற்றுமொழிச் சான்று) வாங்கினால் போதும் என்கிறார் கன்சல்டன்சிக்காரர். மறுபடி எழுதத்தான் வேண்டுமா?

பதில்: ஓவரால் கூடுதலாக இருப்பதைக் காட்டி ரைட்டிங்கில் உள்ள குறையை ஈடுகட்ட முடியாது. அந்த நிபந்தனை ஒரே வரியில் இருந்தாலும் அதில் இருப்பவை ஐந்து நிபந்தனைகள். ஓவராலுக்கு ஒன்று, நான்கு பிரிவுகளுக்கும் ஆளுக்கொன்று. நான்கில் தேறிவிட்டீர்கள், ஒன்று நிற்கிறது. அட்மிஷன் அலுவலகத்தில் உங்கள் கோப்பைப் பார்ப்பவர் ஒவ்வொன்றாகத்தான் டிக் அடிப்பார்.

உங்கள் 7.0 எப்படி வந்தது என்றும் பாருங்கள். நான்கையும் கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875. சராசரியை அருகிலுள்ள அரை பேண்டுக்குக் கொண்டுபோவது ஐஇஎல்டிஎஸ் வழக்கம் என்பதால் அது 7.0 ஆனது. 6.25 வந்தால் 6.5 ஆகும், 6.125 வந்தால் 6.0க்கு இறங்கும். லிசனிங்கில் 40க்கு 35 வாங்கினால் ஏறத்தாழ 8.0 கிடைக்கும். தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு லிசனிங்கும் ரீடிங்கும்தான் ஓவராலைத் தூக்கி நிறுத்துகின்றன, ரைட்டிங் பின்தங்குகிறது. பிரிவுவாரிக் கட்டுப்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் வைத்திருப்பதே இப்படிப்பட்ட சராசரி மறைத்துவிடுவதைப் பிடிக்கத்தான். எம்.எஸ்சி.யில் கடைசி மூன்று மாதம் டிசர்டேஷன் (ஆய்வுரை) எழுதுவதிலேயே போகும் என்பதால் அவர்கள் இதில் இளகுவது அரிது. ஆக்ஸ்ஃபோர்டு முதுநிலைப் படிப்புகளுக்கு வைத்திருக்கும் சாதாரண வரம்பே ஓவரால் 7.0, ஒவ்வொன்றிலும் 6.5. உயர் வரம்பு கேட்கும் துறைகளில் 7.5, ஒவ்வொன்றிலும் 7.0. அங்கேயும் இதே இரட்டைக் கணக்குதான்.

இனி, பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு பூட்டுகள். ஒன்று பல்கலைக்கழகம் தன் படிப்புக்கு வைத்த நிபந்தனை. மற்றது பிரிட்டன் உள்துறை, மாணவர் விசாவுக்கு வைத்த நிபந்தனை. பட்டப்படிப்பு அளவிலும் அதற்கு மேலும் படிக்க வருபவருக்கு நான்கு திறன்களிலும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் பி2 நிலை வேண்டும் என்பது விசா விதி. ஐஇஎல்டிஎஸ் கணக்கில் பி2 என்பது ஒவ்வொரு பிரிவிலும் 5.5. அந்த நிலையைத் தாங்களே சோதித்து உறுதி செய்ய அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி உண்டு. அதனால்தான் எம்.எஸ்சி.க்குச் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதும், விசாவுக்கென ‘யுகேவிஐ’ என்று தனியாக நடக்கும் தேர்வு தேவையில்லை என்கிறார்கள்.

உங்கள் ரைட்டிங் 5.5, அதாவது விசா பூட்டு திறந்தாயிற்று. இன்னும் மூடியிருப்பது பல்கலைக்கழகத்தின் பூட்டு மட்டும், அதைத் திறக்கும் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. ரைட்டிங்கில் 5.0 வாங்கியிருந்தால் கதையே வேறு. அப்போது பல்கலைக்கழகமே இரக்கப்பட்டாலும் விசா விதி குறுக்கே நிற்கும். அரை பேண்டுதான் வித்தியாசம், ஆனால் நீங்கள் இருப்பது நல்ல பக்கத்தில்.

இப்போது வழிகள். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

முதலில் ஒன் ஸ்கில் ரீடேக். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். முதல் தேர்வு நடந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுதியாக வேண்டும். உங்களுக்கு அது ஆகஸ்ட் 6. ஒரு தேர்வுக்கு ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. புதிய மதிப்பெண் தாளில் புது ரைட்டிங் ஸ்கோரும் பழைய மற்ற மூன்றும் சேர்ந்து வரும். உங்கள் நிலைமைக்குத் தைத்த சட்டை போல இருக்கிறது, ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்பதில்லை. சில ஒரே அமர்வில் எழுதிய நான்கு ஸ்கோரையும் பிடிவாதமாகக் கேட்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். கன்சல்டன்சி வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது.

அடுத்தது மறுமதிப்பீடு, ‘என்குவைரி ஆன் ரிசல்ட்ஸ்’ என்பார்கள். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், உங்களுக்கு ஜூலை 19. வேறொரு தேர்வாளர் உங்கள் விடையைத் திருத்துவார். ஸ்கோர் ஏறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். முடிவு வர இரண்டு நாளும் ஆகலாம், 21 நாளும் ஆகலாம். அரை பேண்டுதான் குறைகிறது என்பதால் கேட்டுப் பார்க்கத் தோன்றும். என் கருத்து: இரண்டு கட்டுரைகளையும் நேரத்துக்குள் முடித்தீர்கள், சொல் எண்ணிக்கை சரி, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால் கேளுங்கள். கடைசிப் பத்தி பாதியில் நின்றிருந்தால் அந்தப் பணத்தையும் மூன்று வாரத்தையும் ரீடேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிடிஇ அகாடமிக் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்கு மாறுவது. பலர் இதை ‘ஈசி’ என்று சொல்லி எழுதப் போகிறார்கள். ஈசி என்பதைவிட அதன் மதிப்பெண் கட்டமைப்பு வேறு என்பதுதான் உண்மை. 10 முதல் 90 வரையான அளவுகோல், சுமார் இரண்டு மணி நேரம், ரிசல்ட் பெரும்பாலும் இரண்டு நாளில். அதில் ஒரே பயிற்சி இரண்டு திறன்களுக்கு மதிப்பெண் தரும். காதில் கேட்ட வாக்கியத்தை அப்படியே டைப் செய்யும் ‘ரைட் ஃப்ரம் டிக்டேஷன்’ லிசனிங்குக்கும் ரைட்டிங்குக்கும் சேர்த்து எண்ணப்படும். படித்த பத்தியை ஒரே வாக்கியத்தில் சுருக்குவது ரீடிங்குக்கும் ரைட்டிங்குக்கும். லிசனிங் 8.0, ரீடிங் 7.5 உள்ள ஒருவருக்கு ரைட்டிங் ஸ்கோர் அங்கே இந்த வழியாக மேலே வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 200 முதல் 300 சொல் கட்டுரையை 20 நிமிடத்தில் டைப் செய்யவும் வேண்டும், விரல் ஓடாதவர்களுக்கு அது வேறொரு தலைவலி. ஐஇஎல்டிஎஸ் 6.5க்கு இணையாக எத்தனை பிடிஇ மதிப்பெண் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வைத்திருக்கும், பிரிவுவாரிக் குறைந்தபட்சம் உட்பட. உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் மட்டும் பாருங்கள். டியோலிங்கோ என்ற ஆன்லைன் ஆங்கிலத் தேர்வை அமெரிக்காவில் பரவலாக ஏற்கிறார்கள் என்பதற்காக இங்கேயும் ஏற்பார்கள் என்று நினைத்து எழுதிவிட வேண்டாம். பிரிட்டனில் அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், விசாவுக்கான அங்கீகாரத் தேர்வுப் பட்டியலில் அது இல்லை.

நான்காவது ப்ரீ-செஷனல் கோர்ஸ். எம்.எஸ்சி. தொடங்கும் முன் பல்கலைக்கழகமே நடத்தும் கல்விசார் ஆங்கிலப் படிப்பு இது. அரை பேண்ட் குறைவென்றால் ஆறு வாரம் போல, ஒரு பேண்ட் குறைவென்றால் பத்து வாரம் போல என்பது பொதுவான நடைமுறை. தேறினால் ஐஇஎல்டிஎஸ் மறுபடி கேட்கமாட்டார்கள். செலவு ஆயிரக்கணக்கான பவுண்டில், தங்குமிடம் தனி. செப்டம்பர் வகுப்புக்கான ஆறு வாரக் கோர்ஸ் பெரும்பாலும் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும், விண்ணப்பம் அதற்குப் பல வாரம் முன்பே மூடும். ஆகவே ஜூனிலேயே முடிவெடுக்க வேண்டிய வழி இது.

இதில்தான் இரண்டு பூட்டுக் கதை மறுபடி தலைகாட்டும். ப்ரீ-செஷனலுக்கும் எம்.எஸ்சி.க்கும் சேர்த்து ஒரே காஸ் (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் எண்) கிடைத்தால் ஒரே விசாவில் போய்விடலாம். அதற்கு ப்ரீ-செஷனல் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது, அது முடிந்த ஒரு மாதத்துக்குள் முதன்மைப் படிப்பு தொடங்க வேண்டும், நான்கு திறனிலும் பி2 ஏற்கெனவே இருக்க வேண்டும். உங்கள் 5.5 இங்கே காப்பாற்றுகிறது. எந்தப் பிரிவிலாவது 5.5க்குக் கீழே இருப்பவருக்கு ப்ரீ-செஷனலுக்குத் தனிக் காஸ்தான். பட்டப்படிப்புக்குக் கீழ்நிலைப் படிப்பாக அது எண்ணப்படுவதால், உள்துறை அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வில் பி1 காட்ட வேண்டும், அதாவது ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ-யில் ஒவ்வொன்றிலும் 4.0. சாதாரண ஐஇஎல்டிஎஸில் ஓவரால் 7.0 வைத்திருப்பவரும் வெறும் 4.0 காட்ட இன்னொரு தேர்வு எழுத நேர்வது இப்படித்தான். கேள்வித்தாள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான், மையத்தின் கண்காணிப்பும் சான்றிதழில் உள்ள குறிப்பும்தான் வேறு. ரைட்டிங்கில் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் முதலிலேயே யுகேவிஐ தேர்வை எழுதிவிடுவது நல்லது. கொஞ்சம் பணம் கூடுதல், ஆனால் எல்லாக் கதவுக்கும் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் விதி கேட்காவிட்டாலும் ப்ரீ-செஷனலுக்கு யுகேவிஐ தேர்வைத்தான் கேட்கின்றன, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கன்சல்டன்சிக்காரர் சொன்ன எம்ஓஐ பற்றி. பயிற்றுமொழிச் சான்றிதழை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, இந்தியப் பட்டத்துக்கு அறவே ஏற்காதவையும் இருக்கின்றன. ஏற்பவையும் பட்டம் முடித்து எத்தனை ஆண்டு ஆயிற்று, எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை சதவீதம் என்று நிபந்தனை போடும். ஒரு சிக்கலும் உண்டு: ஆஃபர் லெட்டரிலேயே ஐஇஎல்டிஎஸ் என்று எழுதிய பிறகு, அதில் குறைந்த ஸ்கோரையும் நீங்கள் அனுப்பிய பிறகு, ‘இதோ எம்ஓஐ’ என்று போனால் பல இடங்களில் எடுபடாது. ரைட்டிங் 5.5 என்று ஒரு தேர்வே சொல்லும்போது கல்லூரிக் கடிதத்தை எதற்கு நம்ப வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்பார்கள். ஆஃபரில் ‘அல்லது பயிற்றுமொழிச் சான்று’ என்று இருந்தால் மட்டும் இதைப் பெரிதாக நம்புங்கள்.

வாங்குவதென்றால் ஒழுங்காக வாங்குங்கள். லெட்டர்ஹெட், தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பதிவெண், படிப்பு, சேர்ந்த மாதமும் முடித்த மாதமும், கற்பித்தலும் தேர்வும் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தன என்ற தெளிவான வாக்கியம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், கல்லூரியின் சொந்த மெயில் முகவரி. ஜிமெயில் முகவரி போட்ட கடிதங்கள் சரிபார்ப்பிலேயே அடிபடும். ‘போனஃபைட்’ சான்றிதழில் மீடியம் என்று ஒரு சொல் இருப்பது போதாது. இணைப்புக் கல்லூரி முதல்வர் கையெழுத்து போதுமா, பல்கலைக்கழகப் பதிவாளரே தர வேண்டுமா என்று கேளுங்கள், ஏனென்றால் அந்த இரண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ‘அண்ணா யுனிவர்சிட்டி என்றாலே இங்கிலீஷ் மீடியம்தானே’ என்ற வாதமும் நிற்காது. 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் அங்கே தமிழ் வழியிலும் நடந்திருக்கின்றன. உங்கள் சான்று உங்கள் பெயரில், உங்கள் படிப்புக்கு இருக்க வேண்டும். போலியாக ஒன்று தயார் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசா விண்ணப்பத்தில் பொய் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் பத்தாண்டு தடை வரை போகும்.

பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணைக் காட்டுவதும் இதே கதைதான். சிபிஎஸ்இ, ஐஎஸ்சி மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மாநில போர்டை ஏற்பதில்லை, ஏற்பவை கூடுதல் சதவீதம் கேட்கலாம். பல்கலைக்கழகத் தளத்தில் இந்தியாவுக்கான பக்கத்தில் போர்டு வாரியாகப் போட்டிருப்பார்கள். அதில் தமிழ்நாடு என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என் சிபாரிசு: பல்கலைக்கழகம் ஒன் ஸ்கில் ரீடேக்கை ஏற்றால் ஜூலை இரண்டாவது வாரத்துக்குள் எழுதுங்கள். ஏற்காவிட்டால் அதே தேதிக்குள் முழுத் தேர்வோ பிடிஇயோ. ப்ரீ-செஷனலுக்கு இடம் இருக்கிறதா என்பதை இன்றே விசாரித்து, பின்வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முடியும்வரை காத்திருந்தால் காஸ், வங்கியில் 28 நாள் பணம் காட்டுவது, டிபி (காசநோய்) சோதனை, விசா என்று எல்லாம் ஆகஸ்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

எது எழுதினாலும் ரைட்டிங் ஏன் 5.5இல் நின்றது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தால் அதே 5.5தான் வரும். ஒரு மணி நேரத்தில் இரண்டு டாஸ்க். முதலாவது (கிராஃப் விளக்கம்) 150 சொல், இரண்டாவது (கட்டுரை) 250. இரண்டாவதற்கு இரட்டை எடை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவதில் 6.5, இரண்டாவதில் 5 வாங்கினால் 6.5 + 5 + 5, மூன்றால் வகுக்க 5.5. திருப்பிப் போடுங்கள். முதலாவதில் 5, இரண்டாவதில் 6.5 என்றால் 6.0. அதே உழைப்பு, அரை பேண்ட் வித்தியாசம், உங்களுக்கு வேண்டியதும் அந்த அரைதான். கிராஃபைப் பார்த்து 30 நிமிடம் அழகாக எழுதிவிட்டுக் கட்டுரைக்கு அரை மணி வைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். 20, 40 என்று பிரித்துக்கொண்டு, இருபதாவது நிமிடத்தில் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

முதல் டாஸ்க்கில் பெரும்பாலோர் விடுவது ‘ஓவர்வியூ’. இரண்டு நாட்டு மின் உற்பத்தியை இருபதாண்டுக்குக் காட்டும் கிராஃப் வந்தால், ‘இந்த ஆண்டில் இத்தனை, அடுத்த ஆண்டில் இத்தனை’ என்று எண்களை வரிசையாக அடுக்குவார்கள். எண் எல்லாம் சரி, இலக்கணமும் சரி, இருந்தும் அந்த அளவுகோலில் 5ஐத் தாண்டாது. ‘மொத்தத்தில் நிலக்கரியின் பங்கு இரு நாட்டிலும் சரிந்தது, காற்றாலையின் பங்கு ஒன்றில் மட்டும் வேகமாக உயர்ந்தது’ என்று எண்ணே இல்லாத இரண்டு வாக்கியம் தனிப் பத்தியாக வேண்டும். தேர்வாளர் கண் அதைத்தான் முதலில் தேடும்.

இரண்டாவதில் கேள்விக்கு இரண்டு பாதி இருக்கும். ‘காரணம் என்ன, தீர்வு என்ன’ என்று கேட்டால் காரணத்துக்கு மூன்று பத்தி எழுதிவிட்டுத் தீர்வை ஒரு வரியில் முடிக்கக் கூடாது. மனப்பாடம் செய்த தொடக்க வாக்கியங்களைத் தேர்வாளர்கள் நொடியில் கண்டுபிடிப்பார்கள், அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. கேள்வியின் சொற்களை அப்படியே திருப்பி எழுதினாலும் அவை கணக்கில் சேரா.

இலக்கணத்தில் நமக்கென்றே சில தடுமாற்றங்கள் உண்டு. தமிழில் ‘தி’க்கு நிகரான சொல் இல்லாததால், போட வேண்டிய இடத்தில் விடுவதும் வேண்டாத இடத்தில் போடுவதும் கட்டுரை முழுக்க நடக்கும். ‘ஒன் ஆஃப் தி ரீசன்’ என்று நிறுத்துவோம், ‘ரீசன்ஸ்’ என்று வர வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்போம், அந்த ‘அபவுட்’ வேண்டியதில்லை. ‘அக்கார்டிங் டு மீ’ என்று தொடங்குவோம், ‘இன் மை வியூ’ என்பதுதான் வழக்கு. கடைசி நான்கு நிமிடத்தை ஒதுக்கி இவற்றை மட்டும் தேடித் திருத்துங்கள். புதுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு வாரத்தில் பலன் தருவது இதுதான்.

ஸ்கோர் வந்தபின் அனுப்புவதில் நடக்கும் சின்னப் பிழைகள் மிச்சம். அட்மிஷன் அலுவலகம் கேட்பது மதிப்பெண் தாளின் அடியில் வலப்பக்கம் உள்ள நீளமான டிஆர்எஃப் (டெஸ்ட் ரிப்போர்ட் ஃபார்ம்) எண், எழுத்தும் எண்ணும் கலந்தது. மேலே உள்ள சிறிய கேண்டிடேட் எண்ணைக் கொடுத்தால் அவர்கள் சரிபார்ப்பில் ஒன்றும் வராது, நாலு நாள் போய்விடும். மெயிலின் தலைப்பிலேயே விண்ணப்ப எண்ணைப் போடுங்கள். உள்ளே ஆஃபரில் உள்ள நிபந்தனையை அப்படியே எடுத்தெழுதி, நான்கு ஸ்கோரையும் தேர்வுத் தேதியையும் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாலு கேள்வி கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

ஸ்கோருக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. இந்த செப்டம்பரைத் தவறவிட்டு ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் உங்களுக்குப் பிரச்சினையில்லை, ஆனால் போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் எழுதிய நண்பர் யாரும் இதே யோசனையில் இருந்தால் அவருடைய ஸ்கோர் அதற்குள் காலாவதியாகிவிடும்.

பெயர்: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் தமிழர்கள் ஏராளம். விண்ணப்பத் தளம் விடாப்பிடியாகக் குடும்பப் பெயர் கேட்பதால் ஒருவர் தகப்பனார் பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைப்பார். தேர்வுக்குப் பதியும்போது வேறு மாதிரி, எம்ஓஐயில் இனிஷியலோடு வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே தேர்விலும் விண்ணப்பத்திலும் போடுங்கள். ஏற்கெனவே வேறுபட்டிருந்தால், ரீடேக்குக்குப் பதியும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதி விண்ணப்பத்தில் உள்ள பெயரை பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள். காஸ் வந்தபின் மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது எளிது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் ஸ்கேன் செய்து கூடவே அனுப்புங்கள், மதிப்பெண் தாளில் இருப்பது பழைய எண்ணாக இருக்கும்.